நிலைவாசல் வாங்கப் போறீங்களா? முதலில் வீட்டின் முகத்தைப் பாருங்க!

வீடு கட்டுகிற குடும்பம் மறக்காத நாள்களில் ஒன்று, நிலை வைக்கும் நாள். நல்ல நேரம் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் குன்றிமணித் தங்கமும் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் கைகொடுக்க நிலையைத் தூக்கி நிறுத்துவார்கள். அப்போது சுவர் முழங்கால் உயரம்கூட வந்திருக்காது. அந்த நிலையை ஒட்டித்தான் இருபுறமும் செங்கல் எழும்பும்.

பிரச்னை ஆரம்பிப்பதும் அங்கேதான். நிலையை முதலில் வாங்கிவிடுகிறோம். வீட்டின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். பூச்சு வேலை முடியும் நேரத்தில், ‘எலிவேஷன் எப்படிப் பண்ணலாம்?’ என்று கேட்டுக்கொண்டு இன்ஜினீயர் வந்து நிற்பார். செல்போனில் பார்த்த ஏதோ ஒரு டிசைன் பிடித்துப்போகும். கண்ணாடிக் கைப்பிடி, சாம்பல் நிற டைல்ஸ், நேர்நேரான கோடுகள். அதன் நடுவே, ஆறேழு மாதங்களுக்கு முன் ஆசை ஆசையாக வாங்கிய அஷ்டலட்சுமி நிலை. இரண்டும் தனித்தனியே அழகுதான். சேர்த்துப் பார்த்தால், பட்டு வேட்டிக்கு மேல் டி-ஷர்ட் போட்ட மாதிரி இருக்கும்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வீட்டு மரவேலையில் அதிகப் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் தலைவாசல்தான். சுவருக்குள் பதிந்துவிட்ட நிலையை மாற்ற வேண்டுமென்றால், சுவரை உடைக்க வேண்டும். வைத்த நிலையைப் பெயர்க்கப் பல வீடுகளில் பெரியவர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். அதனால் மரக்கடைக்குக் கிளம்பும் முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த ஊர் வீடு, என்ன நிலை?

நம் ஊர்களில் ஒவ்வொரு வகை வீட்டுக்கும் ஒவ்வொரு வகை வாசல் உண்டு. எதுவும் சும்மா வந்ததில்லை. சுவரின் கனம், கூரையின் சாய்வு, கிடைத்த மரம், பெய்யும் மழை எல்லாம் சேர்ந்து தீர்மானித்தவை அவை.

செட்டிநாட்டு வீடு: ‘பாரம்பர்ய வாசல்’ என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் போனால், கதவைச் சுற்றி அடுக்கடுக்காகக் கொடி, பூ, யாளி, அன்னம் என்று செதுக்கிய நிலைகளைப் பார்க்கலாம். மேலே கஜலட்சுமியோ, கிருஷ்ணரோ, ராமர் பட்டாபிஷேகமோ இருக்கும். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்திறங்கிய தேக்கு அது. அவ்வளவு கனமான வேலைப்பாடு அங்கே ஏன் உறுத்தவில்லை? அந்த வீடு அத்தனை பெரியது. அகலமான திண்ணை, உயரமான கூரை, தடித்த சுவர். முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேராக வாசல் வரிசையாகப் போய், வளவு தாண்டி, பின்கட்டு வரை கண்ணுக்குத் தெரியும். அந்த நீளத்தைத் தாங்க, முதல் வாசல் கனமாகத்தான் இருக்க வேண்டும். அதே நிலையை 20 அடி அகல மனையில் கட்டிய வீட்டுக்குக் கொண்டுவந்தால், குருவி தலையில் பனங்காய்.

அக்ரஹாரத்து வீடும் ஓட்டு வீடும்: தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பழைய தெருக்களில் வாசல் சிறியது. உயரம் குறைவு; வளர்ந்தவர்கள் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். நிலையின் மேல்கட்டையில் மட்டும் ஒரு தாமரை, இரண்டு பக்கமும் தொங்கும் பூ. கால்களில் ஒன்றிரண்டு கோடுகள். மற்ற அழகெல்லாம் சுற்றியிருக்கும்: விளக்கு வைக்கும் இரண்டு மாடம், திண்ணை, தூண், வாசலில் கோலம். திண்ணை வைத்து, முன்னால் ஓடு இறக்கி வீடு கட்டுகிறவர்களுக்கு இந்த எளிய நிலைதான் சரியாகப் பொருந்தும். செலவும் கட்டுக்குள் இருக்கும்.

குமரி மாவட்ட வீடு: தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சரிவான கூரை, தாழ இறங்கிய இறவாணம், எங்கு பார்த்தாலும் மரம். இந்தப் பக்கத்து வீடுகளில் பலா, அயினி, தேக்கு ஆகியவை அதிகம். நிலை தடிமனாக இருக்கும், செதுக்கல் குறைவு. மரத்தின் ரேகையே அழகு. கதவில் பித்தளைக் குமிழும் பூட்டுத் தகடும் இருந்தால் போதும். ஓட்டுக் கூரை போட்டு, மழையை மனதில் வைத்துக் கட்டும் வீடுகளுக்கு இந்தப் பாணி பொருந்தும்.

புதுச்சேரி வீடு: இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் கதவைச் சுற்றிய அலங்காரம் பெரும்பாலும் மரத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. வளைவு, இரண்டு பக்கமும் தட்டையான தூண் போன்ற பூச்சு, மேலே ஒரு விளிம்பு. எல்லாம் சுண்ணாம்புப் பூச்சில் செய்தவை. மரச்சட்டம் மெலிதாகத்தான் இருக்கும். தமிழ்ப் பகுதித் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும் செதுக்கிய கதவும் வரும். கீழ்த்தளம் தமிழ் பாணி, மாடி பிரெஞ்சு பாணி என்று கலந்து கட்டிய வீடுகளும் உண்டு. வளைவு வாசல் ஆசை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பூச்சில் அலங்காரம் செய்தால் மரச்செலவு குறையும். ஆனால், மரத்திலும் செதுக்கல், பூச்சிலும் அலங்காரம் என்று இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

1930-களுக்குப் பிந்தைய ‘ஆர்ட் டெகோ’ வீடு: சென்னை மயிலாப்பூர், தி.நகர் பகுதிகளிலும் செட்டிநாட்டின் சில ஊர்களிலும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. உருண்ட மூலை, குறுக்கே ஓடும் பட்டைகள், உதயசூரியன் போட்ட கிரில். தாத்தா கட்டிய இப்படி ஒரு வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால், பூவும் யாளியும் வேண்டாம். படிப்படியாக உள்வாங்கும் இரண்டு மூன்று நேர்கோடுகள் உள்ள நிலையே போதும். பழைய கதவு உறுதியாக இருந்தால் அதை மாற்றவே மாற்றாதீர்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே நல்ல தேக்கு இருக்க வாய்ப்பு உண்டு.

இன்றைய கான்கிரீட் வீடு: தட்டையான மாடி, பெரிய ஜன்னல், நேர்கோடுகள். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வீட்டோடு ஒத்துப்போவது: செதுக்கல் இல்லாத, அகலமான, ரேகை தெரியும் நிலை, மேல்கட்டையில் மட்டும் ஒரு மெல்லிய வேலைப்பாடு. இன்னொன்று, வேண்டுமென்றே மாறுபடுவது: ஒரே ஒரு பழைய செதுக்கு வாசல். இரண்டாவது வழியில் போனால், அந்த வாசலைச் சுற்றி வெறும் சுவர் விட வேண்டும். டைல்ஸ், கல் பதிப்பு, ஜாலி, ஸ்பாட் லைட் என்று பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டால், எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது.

வெயிலும் மழையும் சொல்லும் கணக்கு

பழைய வீடுகளின் செதுக்கு வாசல் இத்தனை காலம் தாங்கியதற்குத் தேக்கு மட்டும் காரணம் இல்லை. முன்னால் திண்ணைக் கூரை இருந்தது. வெயிலும் சாரலும் நிலையைத் தொடவில்லை.

இன்று பல வீடுகளில் வாசலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடுதான். மேற்குப் பார்த்த வாசல் என்றால், மதியத்துக்கு மேல் வெயில் நேராக நிலையில் அடிக்கும். மரம் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து வெடிப்பு விடும். ஆழமாகச் செதுக்கிய இடங்களில் தண்ணீரும் தூசியும் தங்கும். முன்னால் போர்ட்டிகோவோ, நான்கடி நீட்டிய கூரையோ இல்லாத வாசலுக்கு ஆழமான செதுக்கல் வேண்டாம். மழுங்கிய விளிம்பும் மேலோட்டமான கோடுகளும் உள்ள நிலை நீண்ட நாள் உழைக்கும், துடைக்கவும் எளிது.

வாசலுக்கு நேராகச் சாலை இருக்கிறதா? வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் யாளியின் பல்லிடுக்கில் தூசி தட்டப்போவது யார் என்பதையும் முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள்!

மூன்றரை அடி வாசலில் எவ்வளவு மிஞ்சும்?

இப்போது டேப்பைக் கையில் எடுங்கள். தலைவாசலுக்குப் பலரும் வைக்கும் அளவு, வெளியளவில் மூன்றரை அடி அகலம், 7 அடி உயரம். மூன்றரை அடி என்பது 42 அங்குலம். நிலைக்கால் முன்பக்கம் தலா 4 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 அங்குலம் போகும். நுழைய மிஞ்சும் வழி 34 அங்குலம்.

அதே மூன்றரை அடிக்குள் 8 அங்குல அகலச் செதுக்கு நிலை வேண்டும் என்றால்? இரண்டு பக்கமும் சேர்த்து 16 அங்குலம் போய், மிச்சம் 26 அங்குலம்தான். சாதாரண சக்கர நாற்காலியே 25 அங்குலம் வரை அகலம் இருக்கும். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். பீரோ, கட்டில், பெரிய ஃப்ரிட்ஜ் எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இரட்டைக் கதவு ஆசை உள்ளவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 34 அங்குல வழியில் ஒரு கதவுக்கு 17 அங்குலம்தான் வரும். ஒரு கதவை மட்டும் திறந்தால், காய்கறிப் பையோடு வருபவர் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். இரட்டைக் கதவு என்றால் வெளியளவு 5 அடியாவது இருக்கட்டும். அதற்கு முன்சுவரில் இடம் இல்லையென்றால் ஒற்றைக் கதவே நல்லது. அகலமான ஒரு கதவு, ஒல்லியான ஒரு கதவு என்று சமமில்லாமல் பிரிப்பதும் ஒரு வழி. தினசரி அகலமான கதவு, விசேஷத்துக்கு இரண்டும்.

உயரத்தையும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாவற்றின் மேல்மட்டமும் 7 அடியில் ஒரே கோட்டில் வரும். லின்டல் அங்கே ஓடும். நிலைக்கு மேல் ஓரடி கஜலட்சுமி பலகை வேண்டும் என்றால், அந்த இடத்தில் மட்டும் லின்டலை உயர்த்த வேண்டும். சன்ஷேடும் உயரும். இதைக் கட்டத் தொடங்கும் முன்பே இன்ஜினீயரிடம் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் லட்சுமிக்கு இடம் கிடைக்காது!

மரச்செலவை நீங்களே கணக்குப் போடலாம்

மரக்கடையில் விலை சொல்வது கன அடிக்கு. உங்கள் நிலைக்கு எத்தனை கன அடி என்று தெரிந்தால், பேரம் பேசுவது சுலபம்.

மூன்றரைக்கு 7 அடி நிலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கால்களும் சேர்ந்து 14 அடி. மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் சுவருக்குள் போகும் காதோடு சேர்த்துத் தலா 4 அடி. ஆக 8 அடி. மொத்தம் 22 அடி நீளம். கட்டையின் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அதை 22-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும்.

* 4-க்கு 3 அங்குலக் கட்டை: சுமார் 1.8 கன அடி
* 5-க்கு 4 அங்குலக் கட்டை: சுமார் 3 கன அடி
* 6-க்கு 5 அங்குலக் கட்டை: சுமார் 4.6 கன அடி

பார்க்க ஓர் அங்குலம்தான் கூடுகிறது. மரமோ ஒன்றரை மடங்கு ஆகிறது. 10 அடி அகல முன்சுவருக்கு 5-க்கு 4 அங்குலமே கம்பீரமாகத் தெரியும். இதற்கு மேல் அறுப்புச் சேதாரம், செதுக்குக் கூலி, பாலிஷ் ஆகியவை தனி. செதுக்கு வேலைக்கு, எத்தனை அடி நீளம், எவ்வளவு ஆழம் என்று வரைந்து காட்டி, விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘நல்லா பண்ணித் தர்றேன்’ என்ற வாய்ப்பேச்சுதான் பின்னால் மனஸ்தாபமாக மாறும்.

எளிய நிலை முன்னால்... வேலைப்பாடு பின்னால்!

நிலையை முதலில் வைத்தாக வேண்டும். எலிவேஷனோ கடைசியில்தான் முடிவாகும். இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது.

நிலை வைக்கும் நாளில் செதுக்கல் இல்லாத, உறுதியான நிலையை வைத்துவிடுங்கள். பூஜையும் சாஸ்திரமும் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கட்டும். வீடு முழுக்கப் பூசி, காய்ந்து, முகம் முடிவான பிறகு, நிலையைச் சுற்றிச் சுவரின் மேல் செதுக்குப் பட்டையைச் சேர்க்கலாம். ‘பீடிங்’ என்று ஆசாரிகள் சொல்வதன் பெரிய வடிவம் இது. பட்டை சுவரின் மேல் உட்காருவதால், நுழையும் வழி ஓர் அங்குலம்கூடக் குறையாது. கனமான கட்டை வேண்டியதில்லை. ஓர் அங்குலப் பலகை போதும். நாளைக்கு ரசனை மாறினால், சுவரை உடைக்காமல் கழற்றியும் விடலாம். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கும் இதே வழிதான்.

இதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்றுதான். நிலையின் இரண்டு பக்கமும் பட்டைக்குத் தேவையான இடத்தை, குறைந்தது அரை அடியாவது, காலியாக விட்டுவிடுங்கள். காலிங் பெல், சுவிட்ச் போர்டு, பெயர்ப்பலகை விளக்கு எல்லாம் அதைத் தாண்டி இருக்கட்டும். சுவரில் ஈரம் இருக்கும்போது பட்டையை அடித்தால் மரம் வளையும், பூஞ்சை பிடிக்கும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும்.

எவ்வளவு அகலப் பட்டை வைப்பது என்று குழப்பமா? பழைய செய்தித்தாளை 4, 6, 8 அங்குல அகலத்தில் வெட்டி, வாசலைச் சுற்றி ஒட்டுங்கள். தெருவுக்குப் போய் நின்று, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு போட்டோ எடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் காட்டுங்கள். எது சரி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காகிதத்துக்கான செலவு பூஜ்யம்.

அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், வெளிப்புறம் எதையும் மாற்றும் முன் சங்கத்தின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொது நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அவசர நேரத்தில் இடைஞ்சல். வெளியே சாதாரணமாக விட்டுவிட்டு, உள்பக்கம் ஹாலைப் பார்க்கும் இடத்தில் பட்டை அடித்தால், தினமும் பார்த்து ரசிக்கப்போவது நீங்கள்தான்.

வாசற்படி: பாட்டி தாண்டுவாரா?

நிலையின் கீழ்க்கட்டை நம் ஊரில் வெறும் கட்டை இல்லை. அதற்கு மஞ்சள் பூசுகிறோம். அதன்மேல் உட்காரக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பழைய நிலைகளில் அது நன்றாக உயர்ந்தே இருக்கும். மழைத்தண்ணீரும் பூச்சியும் உள்ளே வராமல் தடுத்தது.

ஆனால், மூட்டுவலி உள்ள அம்மாவுக்கும், வாக்கர் வைத்து நடக்கும் தாத்தாவுக்கும் அந்த நான்கு அங்குலம் தினமும் ஒரு மலை. இன்று எல்லோரும் நன்றாக நடக்கலாம். இந்த வீட்டில் இன்னும் 30 வருடம் இருக்கப்போகிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

இரண்டும் கூடி வரும் வழி உண்டு. கீழ்க்கட்டைக்குப் பதில், தரைமட்டத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் நிற்கும் கருங்கல் பட்டையைப் பதித்து, இரண்டு பக்கமும் விளிம்பைச் சரிவாக இழைத்துவிடலாம். மஞ்சள் பூசவும் கோலம் போடவும் இடம் இருக்கும், சக்கரமும் ஏறிவிடும். தினமும் தண்ணீர் படும் இடத்தில் மரம் இல்லாததால் உளுத்துப்போகும் கவலையும் இல்லை. மரச்செலவிலும் அரை கன அடி குறையும். வெளியே தரையைச் சற்றே வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போட்டால், மழைத்தண்ணீரும் உள்ளே வராது.

எந்த மரம்?

தேக்குக்குக் கரையான் எதிர்ப்பு உண்டு. ஆனால், அது வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கு மட்டும்தான். ஓரத்தில் வெளுத்துத் தெரியும் வெள்ளைக்கட்டைக்குக் கிடையாது. தேக்கு நிலையாக இருந்தும் கரையான் ஏறியது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். வாங்கும்போது நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சாயம் பூசியோ, பாலிஷ் போட்டோ வைத்திருக்கும் நிலையில் வெள்ளைக்கட்டை எங்கே என்று தெரியாது. பூசாத மரமாகக் கேட்டு வாங்குங்கள்.

தேக்குக்கு வசதிப்படவில்லை என்றால் வேங்கை, படாக், நன்கு முற்றிய வேம்பு ஆகியவையும் நிலைக்கு ஏற்றவை. வேங்கை உறுதியானது, ஆனால், ஈரம் பட்டால் கறை விடும். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால், பூச்சு வேலைக்கு முன்பே மரத்துக்கு ஒரு கோட் அடித்துவிட வேண்டும். நுணுக்கமான செதுக்கலுக்குத் தேக்குபோல இழைந்து கொடுப்பவை குறைவு. எளிய நிலை, செதுக்குப் பட்டை என்று பிரித்துச் செய்தால், நிலைக்கு ஒரு மரம், பட்டைக்கு மட்டும் தேக்கு என்று செலவைக் குறைக்கலாம்.

எந்த மரமானாலும் பச்சையாக வாங்கினால் வளையும், வெடிக்கும். அறுத்த கட்டைகளை இடையிடையே சட்டம் கொடுத்து, நிழலில் அடுக்கி உலரவிட வேண்டும். நிலை வைக்க நாள் குறித்த பிறகு அவசரமாக ஓடாமல், சில மாதங்களுக்கு முன்பே மரம் வாங்கிப் போடுவது இதற்காகத்தான். சுவருக்குள் மறையும் பக்கங்களுக்கும் நிலைக்காலின் அடிக்கும் தார் பெயின்ட்டோ, ரெட் ஆக்ஸைடோ அடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். வைத்த பிறகு அந்த இடங்களைத் தொட முடியாது.

பழைய நிலை வாங்குகிறீர்களா?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் கதவுகளும் நிலைகளும் விற்பனைக்கு வருகின்றன. இன்று அப்படி ஒரு தேக்கைப் புதிதாக வாங்குவது கஷ்டம். ஒரு வீடு போனாலும் அதன் வாசல் இன்னொரு வீட்டில் வாழ்வது நல்ல விஷயம்தான். ஆனால், பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

* மூன்று அளவுகள் எடுங்கள்: வெளி அகலம்-உயரம், உள்ளே நுழையும் அகலம்-உயரம், நிலையின் கனம். பழைய வாசல்களில் வெளியளவு பெரிதாகவும் உள்வழி சிறிதாகவும் இருக்கும். உங்கள் வீட்டில் உயரமானவர் யாரோ, அவரையே கடையில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுவர்கள் தடித்தவை. 9 அங்குலச் சுவரில் அந்த நிலை வெளியே துருத்தலாம்.

* தட்டிப் பாருங்கள்: ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. கீழே மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் இருக்கிறது. நிலைக்காலின் கடைசி ஓரடியைக் கட்டாயம் பாருங்கள். உளுப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

* ஒட்டுவேலையைத் தேடுங்கள்: நல்ல பழைய நிலைகள் ஆணி இல்லாமல், துளையும் கழுந்துமாகப் பொருத்தப்பட்டிருக்கும். புதுப் பலகையில் செதுக்கி, நிறம் ஏற்றி, பழசோடு சேர்த்திருக்கிறார்களா என்று பின்பக்கம் பார்த்தால் தெரியும்.

* பழைய பெயின்ட் ஜாக்கிரதை: அதில் ஈயம் கலந்திருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வைத்து உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வெளியே வைத்து, முகக்கவசம் போட்டு, தூள் பறக்காமல் எடுக்க வேண்டும்.

* எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள்: கோயிலிலிருந்து பெயர்த்தது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் விலகிவிடுங்கள். 100 ஆண்டு கடந்த செதுக்கு வேலைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கிறது. அயல்நாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். அவர்களுக்குப் பழைய வடிவத்தில் புதிதாகச் செய்து அனுப்புவதே வழி.

பாட்டன் வீட்டை இடிக்கும் நிலை வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கான்ட்ராக்டரிடம் ‘மொத்தமாக எடுத்துக்கோங்க’ என்று பேசும் முன், தலைவாசலை மட்டுமாவது தனியே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டின் தலைவாசலுக்குப் பொருந்தாவிட்டால், பூஜை அறைக்கோ ஹாலின் ஒரு சுவருக்கோ பொருந்தும். விற்ற பிறகு தேடினால் கிடைக்காது.

உள்ளறைக் கதவுகளுக்கு என்ன செய்வது?

தலைவாசல் செதுக்கியது என்பதற்காக எல்லா அறைக்கும் செதுக்க வேண்டாம். தலைவாசலில் இருக்கும் ஒரே ஒரு கோடு, அல்லது ஒரு பூ, உள்நிலைகளின் மேல்கட்டையில் சின்னதாக வந்தால் போதும். வீடு முழுக்க ஒரே குடும்பம் மாதிரி தெரியும். பூஜை அறைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலைப்பாடு வைக்கலாம். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் விழும் வெடிப்பை மறைக்க, இரண்டு அங்குலப் பட்டை எல்லா அறைக்கும் உதவும். குளியலறைக்கு மரமே வேண்டாம். தண்ணீர் தாங்கும் சட்டம் போட்டு, அதே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடலாம்.

தெய்வ உருவங்கள் தலைக்கு மேல் இருக்கட்டும். கதவின் கீழ்ப்பாதியில் வைத்தால், பிள்ளைகள் காலால் தள்ளித் திறப்பார்கள். பக்கத்திலேயே செருப்பு ஸ்டாண்டு வரும். கொடி, இலை, கோலம் போன்ற வடிவங்கள் எந்த வீட்டுக்கும், எந்த உயரத்துக்கும் பொருந்தும்.

பித்தளைக் குமிழ் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும், ஆனால் வழிந்த சாறு மரத்தில் கறையாகிவிடும். திருகிக் கழற்றும்படியான குமிழ்களாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றி, தேய்த்து, மறுபடி மாட்டலாம்.

ஆசாரியிடம் வேலை கொடுக்கும் முன்...

1. வீட்டின் முன்தோற்றத்தைக் காகிதத்தில் முடிவு செய்தாயிற்றா? இல்லையென்றால், எளிய நிலை மட்டும் இப்போது, பட்டை பிறகு.
2. வாசலுக்கு முன் கூரை எவ்வளவு நீட்டியிருக்கிறது? வெயில் எந்தப் பக்கம்?
3. நிலைக்கால் போக, நுழையும் வழி 34 அங்குலமாவது மிஞ்சுகிறதா?
4. லின்டல் உயரம் இன்ஜினீயருக்கும் ஆசாரிக்கும் ஒன்றாகத் தெரியுமா?
5. வாசற்படியை வீட்டில் மூத்தவர் சுலபமாகத் தாண்டுவாரா?
6. எத்தனை கன அடி, என்ன மரம், எத்தனை அடி செதுக்கல் என்று எழுதி வாங்கியாயிற்றா?

ஆறுக்கும் ‘ஆச்சு’ என்றால், தாராளமாக நல்ல நாள் பார்க்கலாம். கல்யாணம், வளைகாப்பு, பேரன் பேத்தி வரவு என எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நடக்கப்போகின்றன. ஊரார் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தினமும் நுழைந்து வரப்போவது உங்கள் குடும்பம். அவர்கள் தோளில் இடிக்காமல், காலில் தடுக்காமல் வரவேற்கிற வாசலே வீட்டுக்கு லட்சுமி கடாட்சம்!